பறக்காத ஆண்டுகளின் கணக்கு: பெருந்தொற்றுக் காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்

2020 மார்ச் 23 அன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தன் சேவைகளில் 96 விழுக்காட்டை ஏப்ரல் இறுதிவரை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அந்நிறுவனத்திடமும் அதன் வட்டாரப் பிரிவான சில்க்ஏரிடமும் இருந்த 147 விமானங்களில் 138 விமானங்கள் தரையில் நின்றன. மலிவுக் கட்டணப் பிரிவான ஸ்கூட்டின் 49 விமானங்களில் 47 நின்றன. அன்றிரவு முதல் குறுகிய கால வருகையாளர்களும் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் ஏறுபவர்களும் சிங்கப்பூருக்குள் வர முடியாமற்போனது. இந்தியாவிலும் சீனாவிலும் அமெரிக்காவிலும் எல்லைகள் மூடியிருந்தபோதும் உள்நாட்டுப் பயணிகளை நம்பி விமான நிறுவனங்கள் ஓரளவேனும் இயங்கின. சிங்கப்பூருக்கு உள்நாட்டு விமானப் பயணம் என்று ஒன்று இல்லை. எல்லை மூடினால் அந்த நிறுவனத்திற்கு வாடிக்கையாளரே இல்லை என்பதுதான் நிலை. அதனால்தான் 2020 முதல் 2022 வரையிலான அதன் நிதிநிலை அறிக்கைகளும் அக்காலச் சேவையும் சேர்த்து மதிப்பிடப்பட வேண்டியவை என்று கருதுகிறேன். ஒன்றை விட்டு மற்றொன்றைப் புரிந்துகொள்ள இயலாது.

முதலில் இழப்பின் அளவைப் பார்ப்போம். மார்ச் 2020இல் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 21.2 கோடி சிங்கப்பூர் வெள்ளி நிகர இழப்பைக் காட்டியது. தன் வரலாற்றில் அது சந்தித்த முதல் ஆண்டு இழப்பு அதுவே. அடுத்த நிதியாண்டில் இழப்பு 427 கோடி வெள்ளியாகப் பெருகியது. ஏறத்தாழ 1,600 கோடியாக இருந்த வருவாய் 380 கோடியளவில் வந்து நின்றது. பயணிகள் போக்குவரத்து ஏறக்குறைய 98 விழுக்காடு சரிந்தது. இருப்பினும் 427 கோடி என்ற எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் நிறுவனத்தின் உண்மை நிலை தெரியாது. செயல்பாட்டு இழப்பு 251 கோடி வெள்ளி. மீதியில் பெரும்பங்கு, இனிப் பறக்கத் தேவையில்லை என்று முடிவு செய்யப்பட்ட 45 பழைய விமானங்களின் கணக்கு மதிப்பைக் குறைத்ததால் ஏற்பட்டது. கையிலிருந்து பணம் வெளியேறாத இழப்பு அது. அந்த மதிப்பிறக்கத்தைத் தள்ளிப்போடாமல் பெரும்பாலும் ஒரே ஆண்டில் ஏற்றுக்கொண்டதை நான் நேர்மையான கணக்கியலாகவே பார்க்கிறேன். வராத பயணிகளுக்காக, ஏர்பஸ் நிறுவனத்தின் இரட்டை அடுக்குப் பெருவிமானங்களான ஏ380களைப் பழைய மதிப்பிலேயே ஏட்டில் வைத்திருந்தால் அடுத்தடுத்த ஆண்டுகளின் அறிக்கைகள் நம்பத்தகாதவை ஆகியிருக்கும். 19 ஏ380 விமானங்களில் ஏழு விலக்கப்பட்டு 12 மட்டுமே எஞ்சின.

இந்தக் கதையின் மையம் மூலதனத் திரட்டல்தான். உலகின் பல விமான நிறுவனங்கள் அரசின் கதவைத் தட்டிக்கொண்டிருந்த வேளையில், 2020 மார்ச் 26 அன்றே, அதாவது சேவைகளை நிறுத்திய மூன்றாம் நாளே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் பங்குதாரர்களிடம் 1,500 கோடி வெள்ளிவரை திரட்டும் திட்டத்தை வெளியிட்டது. அதில் 880 கோடி உடனடியாகத் திரட்டப்பட்டது: 530 கோடி உரிமைப் பங்குகள் (இருக்கும் பங்குதாரர்களுக்கே முதலில் தரப்படும் புதிய பங்குகள்) வழியாகவும், 350 கோடி கட்டாய மாற்றுப் பத்திரங்கள் (இடையில் மீட்கப்படாவிட்டால் முடிவில் பங்குகளாக மாறும் பத்திரங்கள்) வழியாகவும். எஞ்சிய 620 கோடி 2021 ஜூனில் மீண்டும் அதே வகைப் பத்திரங்களாக வந்தது. பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும், சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக், மற்றவர்கள் எடுக்காமல் விடும் பங்குகளையும் பத்திரங்களையும் தானே வாங்கிக்கொள்வதாக உறுதியளித்திருந்தது. இடைப்பட்ட காலத்துக்கு டிபிஎஸ் வங்கி 400 கோடி வெள்ளி கடன் வசதி அளித்தது. பயணிகள் வராத ஒவ்வொரு மாதமும் தொடக்கத்தில் சுமார் 35 கோடி வெள்ளி கரைந்துகொண்டிருந்த நிறுவனத்துக்கு, எல்லை எப்போது திறக்கும் என்று யாருக்குமே தெரியாத அந்நாளில், இரண்டு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடிக்கப் போதுமான பணத்தை முன்கூட்டியே உறுதிசெய்தது மிகச் சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தப் பத்திரங்களின் அமைப்பை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுக் காலத்திற்கு அவற்றுக்கு வட்டி என்று எதுவும் ரொக்கமாகத் தரவேண்டியதில்லை. நிறுவனம் விரும்பினால் இடையில் மீட்டுக்கொள்ளலாம்; அப்போது முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றும், பிறகு 5, இறுதியில் 6 விழுக்காடு என்றும் கூட்டு முறையில் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும். மீட்காவிட்டால் அவை பங்குகளாக மாறிவிடும். கடனைப் போன்ற சுமை இல்லாமல், புதிய பங்குகளால் பழைய பங்குதாரரின் உரிமை நிரந்தரமாகச் சுருங்கும் நீர்த்தலும் உடனடியாக இல்லாமல், நிலைமை சீரானதும் விலகிக்கொள்ளும் வழியைத் தன் கையிலேயே வைத்திருக்கும்படி நிறுவனம் இதை வடிவமைத்திருந்தது. பெருந்தொற்றுக் காலத்து நிதி ஏற்பாடுகளில் இவ்வளவு தெளிவாகச் சிந்திக்கப்பட்டவை குறைவு. இவற்றோடு, மாற்றத்தக்க கடன் பத்திரங்கள், டாலர் கடன் பத்திரங்கள், விமானங்களை விற்று அவற்றையே வாடகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்ட ஒப்பந்தம் ஆகியவற்றின் மூலமும் பணம் வந்தது. ஏர்பஸ், போயிங் நிறுவனங்களிடமிருந்து பெறவேண்டிய விமானங்களும் தள்ளிப்போடப்பட்டன.

ஆனால் சிறு பங்குதாரர் இதற்குக் கொடுத்த விலை அதிகம். உரிமைப் பங்குகள் ஒவ்வொன்றும் 3 வெள்ளிக்கு வழங்கப்பட்டன. அறிவிப்புக்கு முன் சந்தை விலை 6.50 வெள்ளி. இரண்டு பங்குகள் வைத்திருந்தவருக்கு மூன்று புதிய பங்குகள் என்ற கணக்கில், சுமார் 118 கோடியாக இருந்த மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 296 கோடியாக உயர்ந்தன. வேலை இழந்ததாலோ சேமிப்பு கரைந்ததாலோ அந்த நேரத்தில் பணம் போட முடியாத ஒருவரின் உரிமை, முன்பிருந்ததில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்கிவிட்டது. உரிமைகளைச் சந்தையில் விற்றுக்கொள்ள வழி இருந்தது உண்மையே. ஆயினும் ஓய்வுபெற்றவர்கள், நிறுவனத்தின் மீதுள்ள பற்றினால் நெடுங்காலம் பங்கு வைத்திருந்தவர்கள் என்று பலருக்கும் அந்த 2020 மே மாதம் கடினமான தேர்வை முன்வைத்தது. நிறுவனம் காப்பாற்றப்பட்டதைப் பாராட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது.

நிர்வாகத்தின் முடிவுகளில் நான் குறை சொல்ல விரும்புவது எரிபொருள் விலை ஒப்பந்தங்களைத்தான். விமான எரிபொருளின் விலை ஏறிவிடுமோ என்ற அச்சத்தில் வருங்கால விலையை முன்கூட்டியே பூட்டி வைப்பது இத்துறையில் வழக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பல ஆண்டுகள் முன்னோக்கி, பெரிய அளவில் அப்படிச் செய்திருந்தது. 2020இன் தொடக்கத்தில் எண்ணெய் விலை சரிந்தது. விமானங்களும் நின்றதால் அந்த எரிபொருளே தேவைப்படவில்லை. தேவைப்படாத எரிபொருளுக்காக 2019/20 நிதியாண்டின் கடைசி காலாண்டில் மட்டும் 71 கோடி வெள்ளி இழப்பை எழுத நேர்ந்தது. அது இல்லாமலிருந்தால் அந்த ஆண்டு இழப்பாகவே முடிந்திருக்காது. அடுத்த ஆண்டும் அதே சுமை தொடர்ந்தது. பிற்பாடு 2022இல் உக்ரேன் போரால் எண்ணெய் விலை உயர்ந்தபோது இவ்வகை ஒப்பந்தங்கள் ஆதாயம் தந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எனினும் விலை அபாயத்தைக் கணக்கிட்டவர்கள், பறக்கும் அளவே குறைந்துபோகும் அபாயத்தைப் போதிய அளவு கணக்கிடவில்லை. 2003இல் சார்ஸ் நோயின்போது சாங்கி வெறிச்சோடியதைக் கண்ட நிறுவனம் இதை எண்ணிப் பார்த்திருக்கலாம்.

சரக்குப் பிரிவு இந்த ஆண்டுகளில் நிறுவனத்தின் பெரும் ஆறுதலாக இருந்தது. பயணிகள் விமானங்கள் நின்றதால் அவற்றின் அடிவயிற்றில் சென்றுவந்த சரக்கிற்கு உலகெங்கும் இடமில்லாமல் போய், கட்டணம் உயர்ந்தது. ஏழு போயிங் 747 சரக்கு விமானங்கள் ஓய்வின்றிப் பறந்தன. பயணிகள் விமானங்களும் ஆளில்லாமல் சரக்கை மட்டும் ஏற்றிச் சென்றன. சிலவற்றில் இருக்கைகளே கழற்றப்பட்டன. 2020 டிசம்பர் 21 அன்று சிங்கப்பூருக்கான முதல் ஃபைசர் தடுப்பூசிகள் பிரஸ்ஸல்சிலிருந்து இந்நிறுவனத்தின் சரக்கு விமானத்தில்தான் வந்திறங்கின. 2021/22 நிதியாண்டில் சரக்கு வருவாய் 430 கோடி வெள்ளியைத் தொட்டது. அவ்வாண்டின் மொத்த வருவாயான சுமார் 760 கோடியில் பாதிக்கும் மேல் அது. அவ்வாண்டு நிகர இழப்பு 96.2 கோடியாகக் குறைந்ததற்கு முதற்காரணம் சரக்குதான்.

2020 செப்டம்பரில் ஏறத்தாழ 4,300 பணியிடங்கள் நீக்கப்படுவதாக நிறுவனம் அறிவித்தது. ஆள் சேர்ப்பை நிறுத்தியதாலும் தாமாக விலகியோராலும் குறைந்தவை போக, சுமார் 2,400 பேர் நேரடியாக வேலை இழந்தனர். எஞ்சியோரின் ஊதியம் குறைந்தது. சம்பளமில்லா விடுப்பு வந்தது. அரசாங்கத்தின் வேலை ஆதரவுத் திட்டம் ஊதியச் சுமையில் கணிசமான பகுதியை ஏற்றது. விமானச் சிப்பந்திகள் பலர் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு உதவும் பணிக்குச் சென்றனர். ஆட்குறைப்பை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் பயிற்சிபெற்ற சிப்பந்திகளிலும் விமானிகளிலும் பெரும்பாலோரை நிறுவனம் தக்கவைத்துக்கொண்டது என்பதும், திரட்டிய மூலதனம் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதும் உண்மை. விமானங்களில் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பாலைவன வெளியில், ஈரம் அண்டாத இடத்தில் நிறுத்திப் பராமரித்ததும் அதே கணக்கில்தான் சேரும்.

பயணிக்குக் கிடைத்த சேவைக்கு வருகிறேன். பயணத் தேதியை மாற்றுவதற்கான கட்டணங்கள் தள்ளுபடி செய்யப்பட்டன. அடிக்கடி பறப்பவர்களுக்கான கிரிஸ்ஃபிளையர் திட்ட உறுப்பினர்களின் தகுதியும் மைல்களின் காலாவதியும் நீட்டிக்கப்பட்டன. 2020 அக்டோபரில் சாங்கியில் நின்றிருந்த ஏ380 விமானத்தை உணவகமாக்கி விருந்தளித்தார்கள். சாதாரண வகுப்பில் 50 வெள்ளி முதல் தனியறை வகுப்பில் 600 வெள்ளிவரை கட்டணம். இருக்கைகள் அரைமணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. மாதந்தோறும் கோடிகள் கரையும்போது அந்த வருமானம் கணக்கில் தெரியக்கூட தெரியாது. ஆயினும் பறக்க முடியாத மக்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவை அது அறுபடாமல் காத்தது. இதற்கு மாறாக, குறுகிய தூரப் பயணங்களின் சாதாரண வகுப்பில் 2020 டிசம்பர் முதல் தட்டுக்குப் பதிலாகக் காகிதப் பெட்டியில் உணவு வழங்கும் முறை வந்தது. லக்சா, மீ சியாம் போன்ற உள்ளூர் நூடுல்ஸ் வகைகளைச் சேர்க்க முடிந்தது என்பது அவர்கள் தரப்பு வாதம். உணவு சுவையாகவே இருந்தாலும் அந்தப் பெட்டி மலிவுச் சேவையின் தோற்றத்தையே தருகிறது. நெருக்கடியில் வந்த சிக்கனம் நெருக்கடி முடிந்த பின்னும் தங்கிவிட்டால், பயணி அதைச் சேவைக் குறைவாகத்தான் எண்ணுவார்.

தயார்நிலையில் இருந்ததன் பலன் 2021 செப்டம்பரில் தெரியத் தொடங்கியது. தடுப்பூசி போட்டவர்கள் தனிமைப்படுத்தல் இல்லாமல் வர, முதலில் ஜெர்மனிக்கும் புருணைக்கும் வழி திறந்தது. அவ்வாண்டின் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டில் நிறுவனம் 8.5 கோடி வெள்ளி லாபம் ஈட்டியது. பெருந்தொற்று தொடங்கியபின் வந்த முதல் காலாண்டு லாபம் அது. 2022 ஏப்ரலில் எல்லை முழுவதும் திறந்தபோது விமானங்களும் ஆட்களும் தயாராக இருந்தனர். பெரும் போட்டியாளரான ஹாங்காங்கின் கேத்தே பசிபிக்கும் 2020இல் 3,900 கோடி ஹாங்காங் டாலர் மீட்புத் திட்டத்தைப் பெற்றதுதான். ஆனால் அந்நகரத்தின் கடும் தனிமைப்படுத்தல் விதிகள் 2022 செப்டம்பர்வரை நீடித்ததால் அதன் மீட்சி பின்தங்கியது. தாய் ஏர்வேஸ் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கடன் மறுசீரமைப்புக்குப் போனது. அவர்களால் பறக்க முடியாத வேளையில் இவர்கள் பறந்தார்கள். 2022/23இல் லாபம் 215.7 கோடி, அடுத்த ஆண்டு 267.5 கோடி என்று இரண்டு முறை வரலாற்றுச் சாதனை படைக்கப்பட்டது. ஊழியர்கள் சுமார் எட்டு மாத ஊதியத்தை போனஸாகப் பெற்றனர். ஊதியக் குறைப்பைத் தாங்கி நின்றவர்களுக்கு அது உரிய பங்கு என்றே நினைக்கிறேன். இந்தச் சாதனைக்கு உயர்ந்த பயணக் கட்டணங்கள் பெரிதும் உதவின என்பதையும், அதைக் கொடுத்தவர்கள் பயணிகள் என்பதையும் சொல்லவேண்டும்.

2022 டிசம்பரில் முதல் தவணைப் பத்திரங்கள் 386 கோடி வெள்ளிக்கு மீட்கப்பட்டன; இரண்டாம் தவணையும் படிப்படியாக மீட்கப்பட்டு 2024 ஜூனில் முடிந்தது. பயணியாகக் கேட்பவருக்கு இந்த நிறுவனத்தை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். காகிதப் பெட்டியை மட்டும் மறுபரிசீலனை செய்யட்டும். பங்கு வாங்க எண்ணுபவருக்கு ஒன்று சொல்வேன்: பத்திரங்கள் திரும்பிவிட்டன, ஆனால் 2020இல் வெளியான உரிமைப் பங்குகள் திரும்பவில்லை, திரும்பப் போவதும் இல்லை. ஆகவே 2019க்கு முந்தைய லாபத்தோடு இன்றைய லாபத்தை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை விட்டுவிட்டு, பங்கொன்றுக்கு எவ்வளவு என்பதைப் பாருங்கள்.