பூலில் இருந்து ஒரு சர்வரைக் கழற்ற மூன்று பைத்தான் வழிகள்

எஃப்5 நிறுவனத்தின் பிக்-ஐபி லோட் பேலன்சரை (வரும் போக்குவரத்தைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) கட்டி மேய்ப்பவர்களுக்கு ஓயாமல் வரும் வேலை ஒன்று உண்டு. மென்பொருள் திருத்தம் போட ஒரு சர்வரைப் பூலில், அதாவது வேலையைப் பகிர்ந்துகொள்ளும் சர்வர் கூட்டத்தில் இருந்து ஒதுக்க வேண்டும், இருக்கிற கனெக்‌ஷன்கள் வடியும்வரை காத்திருக்க வேண்டும், அப்புறம் திரும்பச் சேர்க்க வேண்டும். ஒன்றிரண்டு என்றால் திரையிலேயே கிளிக் செய்துவிடலாம். நடுராத்திரியில் நாற்பது சர்வர் என்றால் ஸ்கிரிப்ட்தான்.

பழைய வழி பிக்சட்ஸ் என்ற பைத்தான் நூலகம். பிக்-ஐபியின் ஐகன்ட்ரோல் சோப் ஏபிஐ (ஸ்கிரிப்ட் பெட்டியோடு பேசும் பழைய வழி) மேல் பைத்தான் 2 காலத்தில் எழுதியது. இதில் எதைக் கொடுத்தாலும் பட்டியலாகத்தான் கொடுக்க வேண்டும்: ஒரே பூல், ஒரே மெம்பர் (பூலில் உள்ள சர்வர்) என்றாலும் பட்டியலுக்குள் பட்டியல். ஒரு சதுர அடைப்பு குறைந்தால் சோப் பிழை முகத்தில் அடிக்கும். 11.5 பதிப்புக்கு முந்தைய பிக்-ஐபி பெட்டி இன்னும் ஓடுகிறது என்றால் மட்டும் இதைத் தொடுங்கள்.

இரண்டாவது, எஃப்5-எஸ்டிகே என்ற நூலகம். ரெஸ்ட் ஏபிஐ (சாதாரண வெப் கோரிக்கைகளால் பெட்டியோடு பேசும் புதிய வழி) மேல் உட்கார்ந்திருப்பது. பூலை லோட் செய்து, மெம்பரை எடுத்து, அதன் செஷன் என்ற புலத்தை மாற்றினால் முடிந்தது, வாசிக்கவும் சுகம். உள்நுழைவு டோக்கன் (தற்காலிக அனுமதிச் சீட்டு) காலாவதியானால் தானே புதிது வாங்கிக்கொள்ளும். ஆனால் இதன் அப்டேட், பொருளை முழுசாக 'புட்' செய்யும், அதாவது எல்லாப் புலங்களையும் திரும்ப அனுப்பும். ஒரு புலத்தை மட்டும் தொட வேண்டுமென்றால் மாடிஃபை, அது 'பேட்ச்' என்ற கோரிக்கை. இந்த வித்தியாசம் புரியாமல் அரை நாள் போன அனுபவம் எனக்கு உண்டு.

மூன்றாவது, எந்த உறையும் இல்லாமல் ரிக்வெஸ்ட்ஸ் என்ற பொதுவான பைத்தான் நூலகத்தை வைத்து ரெஸ்ட் ஏபிஐயை நேராகக் கூப்பிடுவது. என் ஓட்டு இதற்குத்தான். பாதையில் பார்ட்டிஷன் (பெட்டியின் கான்ஃபிக்கைப் பிரிக்கும் பகுதி) பெயரின் சாய்கோடு (/) டில்டாவாக (~) மாறும். அது பழகிவிட்டால் மிச்சமெல்லாம் சாதாரண ஜேசன் வடிவத் தரவு. செஷன் 'யூசர்-டிசேபிள்ட்', ஸ்டேட் 'யூசர்-அப்' என்று அனுப்பினால் ஏற்கெனவே இருக்கும் கனெக்‌ஷன்களும் பெர்சிஸ்டன்ஸ் உள்ளவர்களும் (மறுபடி வந்தால் அதே சர்வருக்கே அனுப்பப்படுபவர்கள்) தொடர்வார்கள். ஸ்டேட்டை 'யூசர்-டவுன்' ஆக்கினால் நடப்பில் உள்ள கனெக்‌ஷன்கள் மட்டுமே நிற்கும். பெர்சிஸ்டன்ஸ் இருந்தாலும் புதிது வராது. வடிவதற்கு நாள் கணக்கில் காத்திருக்க முடியாதவர்களுக்கு 'யூசர்-டவுன்'தான்.

வடிந்ததா என்று பார்ப்பது மட்டும் கொஞ்சம் எரிச்சல். மெம்பரின் புள்ளிவிவரத்தைக் கேட்டால் ஒரு முழு யூஆர்எல்லே சாவியாக வரும். அதற்குள் நெஸ்டட்ஸ்டாட்ஸ், அதற்குள் என்ட்ரீஸ், அதற்கும் உள்ளேதான் சர்வர் பக்கத்து நடப்புக் கனெக்‌ஷன் எண்ணிக்கை. வெங்காயம் உரிப்பது போல. டோக்கனின் இயல்பான ஆயுள் 1200 வினாடி, அதாவது 20 நிமிடம். அதற்கு மேல் காத்திருந்தால் 401 (அனுமதி இல்லை என்ற பிழை) வரும். ஆயுளை 36000 வினாடி வரை நீட்டலாம், ஆனால் அதை நாமே செய்ய வேண்டும்.

எந்த வழியில் போனாலும் மாற்றம் முதலில் ஓடும் கான்ஃபிக்கில்தான் விழும். சேவ் செய்யும் கட்டளையைத் தனியாக அனுப்ப வேண்டும். ஒரு முறை அதை மறந்துவிட்டேன். அந்த வாரமே பெட்டி ரீபூட் ஆனது. பழுதென்று ஒதுக்கி வைத்திருந்த சர்வர் ஜம்மென்று பூலுக்குள் வந்து நின்றது.

ஏஎஸ்3 (வேண்டிய அமைப்பை டிக்ளரேஷன் என்ற ஜேசன் ஆவணமாக அனுப்பும் எஃப்5 கருவி) மூலம் நிர்வகிக்கும் டெனன்ட் (அதற்கென ஒதுக்கிய பகுதி) என்றால் மூன்றையும் ஓரம் வையுங்கள். கையால் செய்ததை அடுத்த டிக்ளரேஷன் அழித்துவிடலாம். மெம்பரின் நிலையை டிக்ளரேஷனிலேயே மாற்றி அனுப்புங்கள்.