ஒரு கிலோவுக்குக் கீழான பிள்ளைகளுக்கு 1 பிரெஞ்ச் லோங் லைன்: பாவித்தவர் சொல்வது

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஓடர் போட அவசரப்படுகிறவர்கள் மீதியை அப்புறம் வாசிக்கலாம். ஒரு கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பராமரிக்கிற பிரிவென்றால் 1 பிரெஞ்ச் லோங் லைன் (கை அல்லது கால் நாளத்தால் பெருநாளம் வரை ஏற்றுகிற நூல் போன்ற குழாய்; பிரெஞ்ச் என்பது தடிப்பின் அளவு) கட்டாயம் அலுமாரியில் இருக்க வேண்டிய சாமான். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது எக்ஸ்ரேயில் அது விளையாடும் ஒளிச்சுப்பிடிக்காக. அதைப் பிறகு சொல்கிறேன். கம்பெனிப் பெயர் எழுதப் போவதில்லை. டெண்டருக்கு டெண்டர் பெட்டியின் நிறம்தான் மாறுகிறது, உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் திருகோணமலையில் குறைமாதப் பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒரு எம்.ஓ. (மருத்துவ அதிகாரி). மூதூர், கிண்ணியா, குச்சவெளி, புல்மோட்டை என்று நாலா பக்கமிருந்தும் தாய்மார் வருகிறார்கள். இங்கிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். 27, 28 கிழமையில் பிறந்த பிள்ளையை ஹபரணைப் பாதையால் அம்புலன்சில் அனுப்புவது யாரும் விரும்பிச் செய்கிற காரியமில்லை, அதனால் லைன் போடுவதை இங்கேயே ஒழுங்காகப் பழகிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

லைன் எதற்கு, கனுலா போதாதா என்று கேட்பவர்களுக்கு: கையிலோ காலிலோ குத்துகிற சாதாரண கனுலாவால் 12.5 சதவீதத்துக்கு மேற்பட்ட குளுக்கோஸ் கொடுக்கக்கூடாது. அமினோ அமிலம், கல்சியம் எல்லாம் சேர்ந்த முழுச் செறிவு டி.பி.என். (நாளம் வழியாகக் கொடுக்கிற திரவச் சாப்பாடு) அந்தச் சின்ன நாளத்தை அரித்துவிடும், வெளியே கசிந்தால் தோலே கருகிப்போகும். 800 கிராம் பிள்ளைக்குப் பால் முழுதாக ஏற நாள் எடுக்கும், அதுவரை சாப்பாடு இரத்தம் வழியாகத்தான் போக வேண்டும். முதல் சில நாட்களுக்குத் தொப்புள் நாளம் இருக்கிறது. 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளைக்கு 3.5 பிரெஞ்ச் குழாய் அதற்குள் சுலபமாகப் போகும். ஆனால் அதைக் காலம் முழுக்க விட்டுவைக்க முடியாது, ஒரு கிழமையளவில் கழற்றப் பார்ப்போம், நுனி ஈரல் பக்கம் திரும்பிவிட்டால் அதற்கும் முன்பே. அந்த இடத்தில்தான் லோங் லைன் வருகிறது.

சரி, சாமானுக்கு வருவோம். 1 பிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொன்று. தையல் நூல் தடிப்புத்தான். பொலியூரதேன், பெரும்பாலும் 20 சென்ரிமீற்றர், ஒவ்வொரு சென்ரிமீற்றருக்கும் புள்ளி இருக்கும். கூடவே 24 கேஜ் ஊசி ஒன்று, இரண்டு சிறகோடு. லைன் உள்ளே போனதும் ஊசியை வெளியே இழுத்து, சிறகைப் பிடித்து இரண்டாகப் பிளந்து எறியலாம். இந்தப் பிளக்கிற ஊசி எனக்கு மிகவும் பிடித்த விசயம், கை நடுங்காமல் மெதுவாகப் பிளந்தால் லைன் ஒரு மில்லிமீற்றர்கூட நகராது. ஊசி உள்ளே இருக்கும்போது லைனைப் பின்னுக்கு இழுப்பதை மட்டும் யாரும் செய்யவே கூடாது. ஊசியின் கூர் குழாயை அறுத்துவிடும், அறுந்த துண்டு இரத்தத்தோடு போய்விடும். வரவில்லையென்றால் ஊசியையும் லைனையும் ஒன்றாகவே எடுங்கள்.

போடுகிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் பொலியூரதேன் சிலிக்கோனை விடக் கொஞ்சம் விறைப்பு என்பதால் கை வித்தியாசமாக உணரும். பல்லில்லாத போர்செப்சால் (இடுக்கியால்) மில்லிமீற்றர் மில்லிமீற்றராகத் தள்ள வேண்டும், அவசரப்பட்டால் நாளம் சுருங்கி இறுகிவிடும். அப்படி இறுகினால் ஒரு நிமிடம் சும்மா இருங்கள், சொட்டுச் சேலைன் விடுங்கள், பிறகு தானாகவே வழிவிடும். பிள்ளையைத் துணியால் சுற்றி ஒரு கை அல்லது கால் மட்டும் வெளியே, வாயில் 24 சதவீதச் சுக்ரோஸ் இரண்டு சொட்டு, அம்மாவின் பால் இருந்தால் அதுவே போதும். எனக்குக் கால்தான் பிடிக்கும்: கணுக்காலுக்கு உட்பக்கம் போகிற சஃபீனஸ் நாளம் நேராக ஓடும், வால்வுத் தொல்லை குறைவு, நுனியும் கீழ்ப்பெருநாளத்தில் இருதயத்தை விட்டுத் தள்ளி நிற்கும். இடது காலில் போட்டால் முதுகெலும்புப் பக்க நாளத்துக்குள் திரும்புகிற ஆபத்து உண்டு, எக்ஸ்ரேயில் லைன் வழமைக்கு மாறாக வளைந்து தெரிந்தால் பக்கவாட்டுப் படம் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள்.

தோலைச் சுத்தம் பண்ணுகிறபோது கவனம். அற்கஹோல் கலந்த குளோர்ஹெக்சிடின் இந்தப் பிள்ளைகளின் தோலைச் சுட்டுவிடும், பிரித்தானியாவில் 2014இல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டார்கள். நீரில் கரைத்ததைக் கொஞ்சமாகப் பூசி, முதுகுக்குக் கீழே வழிந்து தேங்காமல் பார்த்து, காய விட்டு, பிறகு சேலைனால் துடைத்துவிட வேண்டும். கை கழுவி, கவுன் போட்டு, துணி விரித்து நிற்கிற நேரத்தில் பிள்ளை குளிர்ந்துபோகும் என்பதையும் மறக்காதீர்கள். வெளியே கச்சான் காத்து வீசி ஊரே காய்கிற வைகாசியில்கூட ஏ.சி. அறைக்குள் 700 கிராம் பிள்ளையின் சூடு இறங்குவதற்கு அதிக நேரம் எடுக்காது.

ஊசி லைனை விடத் தடிப்பு என்பதால் போட்ட இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். கோஸ் துண்டால் மெல்ல அழுத்திக்கொண்டு பொறுமையாக நில்லுங்கள். கசிவு நிற்காமல் ஒட்டினால் ஒளி ஊடுருவுகிற அந்த டிரெசிங் அடுத்த ஷிப்டிலேயே கழன்றுவிடும். இன்கியூபேற்றரில் ஈரப்பதன் 80 சதவீதம் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம், எந்தப் பிளாஸ்டரும் பிடிக்காது. மீதிக் குழாயை மடியாமல் வட்டமாகச் சுற்றி, ஹப்புக்கு (குழாயின் வெளி முனைப் பிடிக்கு) கீழே சின்னக் கோஸ் மெத்தை ஒன்று வைத்து, காலைச் சுற்றி இறுக்கிக் கட்டாமல் ஒட்ட வேண்டும். இதை எங்கள் பிரிவில் ஒரு மிஸ் (தாதி) செய்தால் கிழமைக் கணக்கில் அசையாது. டொக்டர்மார் ஒட்டினால், சரி, விடுங்கள்.

இப்போது அந்த ஒரு புள்ளி. எக்ஸ்ரேயில் தெரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள், தெரிகிறதுதான், ஆனால் விலா எலும்புக்குப் பின்னால் போனதும் காணாமல் போய்விடுகிறது. திரையில் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையை மாற்றிப் பார்த்து, கடைசியில் அரை மில்லிக்கும் குறைவான கொன்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிகிற மருந்து) விட்டுத்தான் பல நேரம் நுனியைக் கண்டுபிடிக்கிறோம். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மென்செஸ்டரில் நான்கு சிசுக்கள் இருதயத்தைச் சுற்றித் திரவம் தேங்கி இறந்தது பற்றி 2001இல் பிரித்தானியச் சுகாதாரத் திணைக்களம் மீளாய்வு வெளியிட்டது, லைன் நுனி வலது மேலறைக்குள் இருக்கக்கூடாது என்பது அதிலிருந்துதான் பலருக்கு மனதில் பதிந்தது. கை வழியாகப் போட்டால் இன்னொரு சிக்கல்: முழங்கையை மடித்தால் நுனி உள்ளே நகரும். பிள்ளை வழமையாகப் படுக்கிற நிலையிலேயே கையை வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள், இரவில் வருகிற எக்ஸ்ரே ஆட்கள் கையை விரித்துப் பிடிக்கத்தான் பார்ப்பார்கள்.

பாவனையில் இது சாப்பாட்டு லைன், அவ்வளவுதான். இரத்தம் எடுக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. இதை ஒவ்வொரு புது எச்.ஓ.வுக்கும் (பயிற்சி டொக்டருக்கும்) சொல்ல வேண்டியிருக்கிறது. 10 மில்லிக்குச் சின்ன சிறிஞ்சால் அடித்தால் அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கும். மணிக்கு ஒரு மில்லிக்குக் கீழே ஓட்டம் இறங்கினால் அடைபடும், அதனால்தான் கிலோவுக்கு மணிக்கு 0.5 அலகு ஹெபரின் சேர்க்கிறோம். பம்ப் ஓயாமல் அழுத்த அலாரம் அடிக்கும், குழாயின் ஒடுக்கத்தால் வருகிற சாதாரண அலாரத்தையும் உண்மையான அடைப்பையும் பிரித்தறிய மிஸ்மாருக்குக் கொஞ்ச நாள் எடுக்கும். கரண்ட் போய், பற்றரியும் பழசாக இருந்து பம்ப் நின்றுவிட்டால் தடிப்பான 2 பிரெஞ்ச் லைன் சில நேரம் தப்பும், இது தப்பாது. ஒரு இரவு அப்படித்தான் லைன் போய், விடிய மறுபடி துணி விரித்து நின்றோம். இடையில் பிளேன்டீக்கு வெளியே போனால் கேற்றடியில் மூன்று மான் நின்று எங்களைப் பார்க்கிறது. இந்த ஊர் மான்களுக்கு மனிசரைக் கண்டு பயமில்லை.

மூதூர்ப் பக்கத்து அம்மம்மா ஒருவர் கண்ணாடிக்குள்ளால் காலைப் பார்த்துவிட்டு, "மகன், இந்த நூலாலயா சாப்பாடு போகுது? நரம்பு வெடிச்சிராதா?" என்று கேட்டார். லைன் இருக்கிற வரைக்கும் பிள்ளையை நாளுக்கு நாள் குத்த வேண்டியதில்லை என்று சொன்னதும்தான் முகம் தெளிந்தது. தாய்க்கு அதைவிடச் சந்தோசம், கால் லைன் இருக்கும்போதே பிள்ளையை நெஞ்சில் போட்டுக் கங்காரு முறையில் வைத்திருக்கலாம் என்பதில்.

பால் நாளுக்குக் கிலோவுக்கு 120 மில்லியளவு ஏறியதும் கழற்றிவிடுங்கள். நன்றாக ஓடுகிறதே, இருக்கட்டும் என்று விடுவதால்தான் தொற்று வருகிறது.

வாங்கும்போது 1 பிரெஞ்ச் மட்டும் வாங்கிக் குவிக்க வேண்டாம். ஒன்றேகால், ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 2 பிரெஞ்ச் சிலிக்கோன்தான் நிம்மதி, அடைபடுவது குறைவு, எக்ஸ்ரேயிலும் தெரியும். இரண்டையும் அலுமாரியில் வேறுவேறு தட்டில் வையுங்கள், பெட்டி பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், இரவு இரண்டு மணிக்கு அவசரத்தில் கிழித்த பிறகு திரும்ப ஒட்ட முடியாது. காலாவதித் திகதி கிட்டவாக உள்ளதை முன்னுக்கு அடுக்குங்கள். ஊசி தனியாகவும் லைன் தனியாகவும் வருகிற பெட்டியென்றால் இரண்டிலும் திகதி பாருங்கள், சில நேரம் ஒன்று மற்றதுக்கு முதலே முடிந்துவிடுகிறது.