ஓசூர் கிடங்கில் பிரியும் திருப்பூர் பனியன்கள்: ஒரு ரிட்டர்ன் சேவை பற்றிய மதிப்பீடு

திருப்பூரில் சிறிய அளவில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டு ஆன்லைனிலும் விற்பவர்களுக்கு, ஆர்டர் பிடிப்பதைவிடத் திரும்பி வரும் சரக்கைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. எங்களுக்கு நாளொன்றுக்கு அறுபது எழுபது பொதிகள் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, பேக்கிங் மேசையில் பாதி அவற்றுக்கே போய்விட்டது. இந்த வேலையை மொத்தமாக ஏற்றுச் செய்து தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் கடந்த எட்டு மாதங்களாக எங்கள் ரிட்டர்ன் முழுவதையும் ஒப்படைத்திருந்தோம். அவர்களுடன் இரண்டு இழப்பீட்டுக் கணக்குகள் இன்னும் முடியாமல் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் இதே வகைச் சேவையை எடுக்க எண்ணும் சக வியாபாரிகள் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவக்கூடும்.

அவர்கள் செய்யும் வேலை இதுதான். நாம் விற்கும் தளங்களில் ரிட்டர்ன் முகவரியாக அவர்களுடைய ஓசூர் கிடங்கைப் பதிவு செய்துவிட வேண்டும். அங்கு வரும் ஒவ்வொரு பொதியையும் கேமராவின் கீழ் வைத்துப் பிரிக்கிறார்கள். ஏ, பி, சி என்று தரம் பிரிக்கிறார்கள். பொருள் மாறியிருந்தாலோ சேதமடைந்திருந்தாலோ அந்தந்தத் தளத்தில் நம் சார்பில் இழப்பீடு கேட்டுக் கிளெய்ம் போடுகிறார்கள். ஏ தரத்தை மீண்டும் பாலிபேக்கில் இட்டுப் பார்கோடு ஒட்டி அங்கிருந்தே அடுத்த ஆர்டருக்கு அனுப்புகிறார்கள். மற்றவை வாரம் ஒரு முறை மூட்டையாகத் திருப்பூர் வந்து சேரும். கிடங்கு ஓசூரில் இருப்பது நமக்கு வசதி. தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பதால் நம்முடைய ஜிஎஸ்டி பதிவில் கூடுதல் வணிக இடமாக அதைச் சேர்த்தால் போதும். டெலிவரி சலான் என்ற அனுப்புச் சீட்டிலேயே சரக்கு நகர்ந்துவிடும். இதே கிடங்கு எல்லை தாண்டி பெங்களூரில் இருந்து, அங்கிருந்தே விற்பனையும் நடந்தால், கர்நாடகத்தில் தனிப் பதிவு எடுத்து, தனிக் கணக்கு வைத்து, தனியாக ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும். (ஜிஎஸ்டி ரிட்டர்ன், சரக்கு ரிட்டர்ன் என்ற இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் இந்தத் தொழிலில் எங்கள் கணக்காளர் ஒவ்வொரு முறையும் எந்த ரிட்டர்ன் என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்வார்.)

கட்டணம் பொதிக்கு 28 ரூபாய், அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து நாம் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் அது பெரிய சுமையில்லை. ஆனால் மறு பேக்கிங்கிற்கான பாலிபேக், லேபிள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பது முதல் மாத பில் வந்தபோதுதான் தெரிந்தது. 349 ரூபாய்க்கு விற்கும் ஒரு ரவுண்ட் நெக் டீ-சர்ட்டில் தளத்தின் கட்டணம், கூரியர், பேக்கிங் எல்லாம் போக எங்கள் கையில் நிற்பது 40 ரூபாயைத் தாண்டாது. அது திரும்பி வந்தால் திரும்பும் கூரியர் செலவும் இந்தச் சேவைக் கட்டணமும் சேர்ந்து, நல்லபடியாகப் போன மூன்று நான்கு ஆர்டர்களின் இலாபத்தைத் தின்றுவிடும். ஆகவே இப்படிப்பட்ட சேவை வெறுமனே பொதியை வாங்கி அடுக்கி வைத்தால் போதாது. திரும்பி வந்த பீஸை மறுபடி விற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது இழப்பீட்டை வாங்கித் தர வேண்டும். இந்த இரண்டையும் வைத்தே நான் மதிப்பிடுகிறேன்.

கிளெய்ம் வேலையில் அவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அமேசானில் சேஃப்-டி என்றும் பிளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் என்றும் சொல்லப்படும் இந்தக் கோரிக்கைகளுக்குக் கெடு உண்டு. பொதி நம்மிடம் வந்த நாளிலிருந்து அந்தக் கெடு ஓடத் தொடங்கிவிடும். எங்கள் கம்பெனியில் பொதிகள் மூன்று நான்கு நாட்கள் மூலையில் கிடந்து, பிரித்துப் பார்க்கும்போது பழைய பனியன் உள்ளே இருப்பது தெரிந்து, புகைப்படம் எடுக்க ஆளைத் தேடி, கடைசியில் கெடு முடிந்திருக்கும். அவர்களோ வந்த மறுநாளே பிரித்துவிடுகிறார்கள். முத்திரை உடையாத பொதியின் நான்கு பக்கங்களையும், ஏடபிள்யூபி எண் (கூரியர் எண்) தெளிவாகத் தெரியும் லேபிளையும், வெட்டித் திறப்பதையும், உள்ளே இருப்பதை எடைத்தட்டில் வைப்பதையும் இடைவெட்டு இல்லாத ஒரே வீடியோவாக எடுக்கிறார்கள். ஒரு முறை எங்கள் மூன்று பீஸ் காம்போ திரும்பி வந்தபோது உள்ளே இரண்டு புது டீ-சர்ட்டுகளும், மூன்றாவதற்குப் பதிலாகக் கழுத்து நைந்த வேறொரு பிராண்டின் பனியனும் இருந்தன. எடைத்தட்டின் எண்ணும் சேர்ந்து தெரிந்த அந்த வீடியோவை வைத்து ஆறே நாளில் பணம் வந்தது. எங்கள் கையால் போட்டிருந்தால் வந்திருக்காது.

அடுத்து, அவர்களுடைய மாத அறிக்கை. நான் பெரிதாக எதிர்பார்க்காத இடத்தில் பெரிய பயன் கிடைத்தது இதில்தான். வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் காரணத்தை மட்டும் தராமல், ஒவ்வொரு நிறம், ஒவ்வொரு சைஸ் வாரியாக எத்தனை போய் எத்தனை திரும்பின என்று பிரித்துத் தருகிறார்கள். மூன்றாம் மாத அறிக்கையில் கடுகு நிற எக்ஸ்எல் மட்டும் ‘சிறியதாக உள்ளது’ என்ற காரணத்துடன் மற்ற நிறங்களைவிட மிக அதிகமாகத் திரும்பியிருந்தது. கையிருப்பில் இருந்த பீஸ்களை எடுத்து மேசையில் விரித்து டேப் வைத்து அளந்தோம். மார்புச் சுற்றளவு எங்கள் சைஸ் சார்ட்டில் போட்டிருந்ததைவிட ஓர் அங்குலம் குறைவாக இருந்தது. அந்த லாட் துணிக்குக் காம்பேக்டிங்கில் (துணியைச் சுருக்கி அளவை நிலைப்படுத்தும் வேலை) அகலம் சரியாக வைக்கப்படவில்லை. கட்டிங்கில் யாரும் கவனிக்கவில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்களோடு பொருந்தாத பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்க முடியாது. சைஸ் சார்ட்டும் நாம் சொன்ன அம்சந்தான் என்பதால் அந்தத் திரும்பல்களில் வாடிக்கையாளர் மேல் வருத்தப்பட ஒன்றுமில்லை. அந்த லாட்டை விற்பனையிலிருந்து எடுத்தோம்; அடுத்த மாதமே திரும்பல் இறங்கியது.

இனி குறை. பெரிய குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது சேவையின் அடிமடியிலேயே இருக்கிறது: தரம் பிரிப்பவர்களுக்குத் துணி தெரியவில்லை.

ஐந்தாம் மாதத்தில் எங்கள் டிராக் பேண்ட் ஒன்றுக்கு ஒற்றை நட்சத்திர மதிப்புரை வந்தது. வாங்கியவர் படமும் போட்டிருந்தார். பேண்டின் வலப்பக்கப் பையிலிருந்து எடுத்த ஒரு பேருந்துச் சீட்டைப் பேண்டின் மேலேயே வைத்து, ‘டிக்கெட் இலவசம், நன்றி’ என்று எழுதியிருந்தார். அந்த பீஸின் பார்கோடைத் தேடிப் பழைய வீடியோவை வரவழைத்துப் பார்த்தோம். பொதி பிரிபடுகிறது, பேண்டை எடுத்து உதறுகிறார்கள், முன்னும் பின்னும் கேமராவுக்குக் காட்டுகிறார்கள், மடித்து ஏ என்ற தட்டில் வைக்கிறார்கள். மொத்தம் 22 விநாடிகள். யாரும் பைக்குள் கை விடவில்லை. கறை இல்லை, கிழிசல் இல்லை, டேக் தொங்குகிறது, ஆகவே புதிது என்பதே அவர்கள் கணக்கு. டேக்கை உள்ளே மடித்துவிட்டு ஒரு நாள் உடுத்திக்கொண்டு வெளியூர் போய்வந்து திருப்பி அனுப்பும் பழக்கம் அவர்கள் பட்டியலில் இல்லை.

அதன்பிறகு ஓசூரில் ஏ போட்ட 40 பீஸ்களைத் திருப்பூருக்கே வரவழைத்து, எங்கள் செக்கிங் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை செய்யும் அக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து முதலில் கழுத்துப் பட்டியை முகர்ந்தார். பிறகு பீஸைத் தோளில் பிடித்துத் தொங்கவிட்டுப் பக்கத் தையலைப் பார்த்தார். சிங்கிள் ஜெர்சி என்ற பின்னல் துணியில் தைத்த புது டீ-சர்ட்டில் பக்கத் தையல் நேராக இறங்கும். ஒரு முறை துவைத்துக் காய்ந்ததும் துணிக்குள் இருக்கும் முறுக்கு வெளிப்பட்டு, கீழ் மடிப்பை நெருங்கும் இடத்தில் தையல் முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சாய்ந்துவிடும். சாயப்பட்டறையில் கடைசியாக ஏற்றும் சாஃப்ட்னரின் வழவழப்பும் துவைத்த துணியில் அதே மாதிரி இருக்காது. விரல் நுனியில் தேய்த்தாலே தெரியும். பத்து நிமிடங்களில் ஒன்பது பீஸ்களைத் தனியே எடுத்து வைத்து, ‘இதெல்லாம் தண்ணி பட்டதுங்க’ என்றார். அந்த ஒன்பதும் கிளெய்ம் போட்டிருக்க வேண்டியவை. கெடு போய்விட்டது. இப்போது காதர்பேட்டைச் சந்தையில் செகண்ட்ஸ் (குறைபட்ட சரக்கு) விலைக்குத் தள்ள வேண்டியவை. நான் மேலே சொன்ன முடியாத கணக்குகளில் ஒன்று இதுதான்.

நிறுவனத்திடம் சொன்னபோது கோபப்படாமல் கேட்டுக்கொண்டார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டலாம். ஆனால் தரம் பிரிக்கும் மேசையில் காலையில் செல்போன் உறை, மதியம் எவர்சில்வர் பாத்திரம், மாலையில் பனியன் என்று எல்லாம் ஒரே ஆள் கையில்தான் வருகின்றன. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் எழுதித் தரச் சொன்னார்கள். ‘பைகளுக்குள் கை விட்டுப் பார்க்கவும், பக்கத் தையல் சாய்வைப் பார்க்கவும், கழுத்துப் பட்டியைப் பார்க்கவும்’ என்று மூன்று வரிகள் எழுதிக் கொடுத்தோம். இப்போது பையைப் பார்க்கிறார்கள். தையல் சாய்வு மட்டும் ஒரு மாதம் சரியாகவும் அடுத்த மாதம் தப்பாகவும் இருக்கிறது. ஆள் மாறுகிறார்கள் போலும்.

கணக்குப் பக்கத்தில் ஒரு சிறு சிக்கலும் உண்டு. திரும்பிய விற்பனைக்குக் கிரெடிட் நோட் (விற்பனைத் தொகையைக் குறைத்துக் காட்டும் ஆவணம்) போட்டு, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்ட வேண்டும், நமக்குத் தரும் பணத்தில் தளங்கள் வரியாகப் பிடிக்கும் டிசிஎஸ் தொகையும் (2024 ஜூலை 10 முதல் 0.5 விழுக்காடு) திரும்பியவற்றைக் கழித்த நிகர விற்பனை மீதுதான். இந்த நிறுவனம் தரும் கோப்பு, கிடங்கில் பொதி பிரிக்கப்பட்ட தேதிப்படி அடுக்கப்பட்டது. தளமோ திரும்பியதாகத் தன் கணக்கில் பதிந்த தேதியை வைத்துக்கொள்கிறது. மாதக் கடைசியில் பதிவாகி அடுத்த மாதம் பிரிபடும் பொதிகளால் தளம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-8 என்ற மாத அறிக்கையின் தொகையோடு நம் கணக்கு ஒத்துப்போகாது. எங்கள் கணக்காளர் ஒவ்வொரு மாதமும் இரண்டையும் ஆர்டர் எண் வைத்துக் கையால் பொருத்துகிறார். கோப்பில் இன்னொரு தேதிப் பத்தி சேர்த்தால் தீர்ந்துவிடும். நான்கு முறை கேட்டும் இன்னும் வரவில்லை.

ஒப்பந்தத்தை முழுதாகப் புதுப்பிக்காமல் இப்போது பிரித்திருக்கிறோம். எங்களுக்கு வரும் ரிட்டர்னில் ஆர்டிஓ, அதாவது வாங்குபவர் கையில் சேராமலேயே திரும்பிவிடும் பொதி, ஒரு வகை. வாங்கியவர் பிரித்துப் பார்த்துத் திருப்புவது இன்னொரு வகை. முதல் வகையில் துணியைத் தொட்டவர் யாருமில்லை. பொதி மாறியிருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதற்கு ஓசூர் மேசையும் கேமராவும் தாராளம். நாங்கள் விற்கும் தளங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரே ரிட்டர்ன் முகவரிதான் வைக்க முடிகிறது என்பதால், கேஷ் ஆன் டெலிவரி அதிகமாகி ஆர்டிஓவே பெரும்பகுதியாக வரும் தளத்தை ஓசூரிலேயே விட்டுவிட்டோம். மற்றவற்றின் முகவரியை எங்கள் கம்பெனிக்கு மாற்றி, பேக்கிங் மேசைக்கு மேலே ஒரு கேமராவும், அதன் பக்கத்தில் ஓர் எடைத்தட்டும் வைத்திருக்கிறோம். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அந்த மேசை செக்கிங் அக்காவுடையது. அந்த நேரத்தில் யாரும் அதன் மேல் டீ டம்ளர் வைக்கக் கூடாது.