மூடிய லாயமா, திறந்த கொட்டகையா?

ஈப்போ பந்தயத் திடலில் ஓடி ஓய்ந்த பெண் குதிரை ஒன்றும், அதற்குத் துணையாக ஒரு மட்டக்குதிரையும் சுங்கை சிப்புட்டில் எங்கள் செம்பனை நிலத்துக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதலில் கட்டியது நான்கு பக்கமும் பலகை அடித்த லாயம். 12 அடிக்கு 12 அடியில் இரண்டு அறைகள். இப்போது இரண்டும் இருப்பது மூன்று பக்கம் மட்டும் அடைத்த கொட்டகையில். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

லாயத்தின் நன்மைகளை மறுக்கவில்லை. தீனியைத் தனித்தனியாக வைக்கலாம், காயத்துக்கு மருந்து போடலாம், இரவில் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மழைதான் குதிரைக்கு எதிரி என்று நானும் நினைத்திருந்தேன். குளிர் நாடுகளில் அது சரி. நார்வேயில் 23 குதிரைகளுக்குப் பலகைக் குறிகளை மூக்கால் தொட்டுத் தங்கள் விருப்பத்தைச் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். 2016இல் முடிவு வெளியானது. ஈரமும் காற்றும் குளிருமான நாளில் அவை போர்வையைக் கேட்டன, வெயில் நாளில் கழற்றச் சொல்லின. நம் ஊரில் வெயிலும் புழுக்கமும்தான் தொல்லை. குதிரை வியர்வையால் உடலைத் தணிக்கிறது. காற்று ஓடாத அறையில் அந்த வியர்வை காய்வதில்லை. தோட்டத்து லய வீட்டில் தகரக் கூரையின்கீழ் பகல் இரண்டு மணிக்குப் படுத்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொட்டகை கட்டிய வாரமே பெருமழை. மட்டக்குதிரை உள்ளே ஓடியது. பெரியவளோ வாலை மழைப்பக்கம் திருப்பிக்கொண்டு வெளியில் நின்றாள். “கூரைக்குக் கொட்டிய காசுக்குக் கோழி வாங்கியிருக்கலாம், தம்பி” என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். பிறகு கவனித்தேன்: காற்றில்லாத மழைக்கு அவள் அசைவதில்லை, காற்றடித்தால் வருகிறாள். மழையைவிட உச்சிவெயிலுக்கும் ஈக்கும் பயந்து ஒதுங்குவதுதான் அதிகம்.

ஆனால் என்னை மாற வைத்தது தரை. ஒரு குதிரை நாளொன்றுக்குப் போடும் இலத்தியும் சிறுநீரும் சேர்ந்து 20 கிலோவைத் தாண்டும். லாயத்தில் அத்தனையும் உள்ளேயே கிடக்கும். ரப்பர் மரத்தூள் பரப்பினேன். நம் ஈரக் காற்றில் அது காய்வதே இல்லை. காலையில் கதவைத் திறந்தால் அம்மோனியா கண்ணைக் கரிக்கும். நான்காம் மாதம் மட்டக்குதிரையின் குளம்படி அழுகி நாறத் தொடங்கியது. தூளை மாற்றி, கழுவி, உலர்த்துவதற்குள் தினமும் இரண்டு மணி நேரம் போய்விடும். கொட்டகையில் பாதிக்கு மேல் வெளியில் போட்டுவிடுகின்றன. அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது.

கொட்டகையிலும் நான் தவறு செய்தேன். வாசலில் கால்கள் மிதித்து மிதித்து முதல் மழைமாதத்திலேயே சேற்றுக்குளம். தரையை ஓரடி உயர்த்தி, சரளைக்கல் கொட்டி, கூரைத் தண்ணீரைப் பீலி வைத்து ஓடவிட்ட பிறகே சரியானது. அடைத்த முதுகுச் சுவர் மேற்கே இருப்பது நல்லது; மாலை வெயிலையும், விடிகாலையில் மேற்கிலிருந்து மழையோடு வரும் சுமத்திராச் சூறைக்காற்றையும் அது ஒன்றே தடுக்கும். வாசல் அகலமாக இருக்கட்டும். குறுகினால் வலுத்த குதிரை நின்றுகொண்டு மற்றதை மழையில் விட்டுவிடும்.

குட்டியோடு இருக்கும் குதிரைக்கோ, ஆண் குதிரைக்கோ இது பொருந்துமா என்பதற்கு நான் சாட்சி அல்ல, இரண்டையும் வளர்த்ததில்லை. பழைய லாயத்தில் ஓர் அறையை இடிக்காமல் வைத்திருக்கிறேன், லாடம் அடிப்பவர் வரும் நாளுக்காக. மற்றதன் பலகைகள்தான் கொட்டகையின் மேற்குச் சுவர்.