தஞ்சாவூரில் அப்பாவின் சாண்ட்ரோ: இருபது வருட வண்டிக்கு ஊரில் கிடைத்த சர்வீஸ்

வெளிநாட்டில் இருக்கிறவர்களில் பலருக்கு ஊர் வீட்டில் ஒரு பழைய சின்னக் கார் நிற்கும். எங்கள் வீட்டில் நிற்பது 2005-இல் வாங்கிய ஹூண்டாய் சாண்ட்ரோ ஜிங். டி.என். 49 பதிவு. கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி, எப்போதாவது திருச்சி ஏர்போர்ட், அவ்வளவுதான் அதன் ஓட்டம். மீட்டர் இன்னும் எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தொடவில்லை. டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து போனபோது அதற்கு முழு சர்வீஸ், ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பு, டயர் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்தேன். இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் கார் வைத்திருப்பதற்கான சி.ஓ.இ. என்ற உரிமச் சான்று பத்து வருடத்துக்குத்தான். முடிந்தால் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும். இருபது வயதுக் காரைப் பற்றி அங்கே யாரிடமும் பேசிப் பழக்கமில்லை. அதனால் ஊரில் இறங்கியதும் பழைய வண்டி வைத்திருக்கிற எல்லாரிடமும் கேட்டேன். எதிர்வீட்டு மாமாவிடம் கார்புரேட்டர் காலத்து மாருதி 800 இருக்கிறது. தினமும் ஓட்டுகிறார். நடுவழியில் நின்றதே இல்லை என்கிறார். பட்டுக்கோட்டை சித்தப்பாவின் மாருதி ஜென் அதைவிடப் பிந்தியது, ஷெட்டில் மூடியே கிடந்தது. எலி வயரைக் கடித்துவிட்டது, பிரேக் பிடித்துக்கொண்டது, டேங்க்கில் பெட்ரோல் கெட்டுப்போனது. மன்னார்குடி அத்தை வீட்டு சாண்ட்ரோவுக்கு நீடாமங்கலம் தாண்டிப் போகும்போது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற ரப்பர் பட்டை, அறுந்தது. வால்வுகள் வளைந்து, எஞ்சின் ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காரும் எங்களுடையதைப் போலக் கொஞ்சமாக ஓடிய வண்டிதான்.

இதைக் கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. கிலோமீட்டர் குறைவு என்றால் வண்டி நன்றாக இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஆனால் ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வருடம்தான் தெரியும். பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பெட்ரோல் டியூப், புஷ், டயர் எல்லாமே நின்ற இடத்திலேயே வயதாகிக்கொண்டிருக்கும்.

முதலில் நகரத்தில் எல்லா கம்பெனி வண்டிகளையும் எடுக்கிற ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனோம். பெயர் வேண்டாம். ஏசி ஹால், காபி, கையில் டேப்லெட் வைத்திருந்த இளைஞர், எல்லாம் இருந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, எரர் ஒன்றும் இல்லை என்றார். பிறகு எஞ்சின் ஃபிளஷ், ஏசி கிருமி நீக்கம், பாலிஷ், உள்பக்கக் கோட்டிங் என்று முப்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்தது. டைமிங் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பானெட்டைத் திறந்து ஹோஸை அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் பணத்துக்காக இல்லை. எழுபது வயது தாண்டிய இரண்டு பேர் அந்த வண்டியில் போய் வருகிறார்கள். அதைப் பற்றிய யோசனையே அங்கே யாருக்கும் இல்லை.

அங்கிருந்து வல்லம் ரோட்டில் அப்பாவுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். தகரக் கொட்டகை, ஒரு ஜாக்கி, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். 1998-இல் சாண்ட்ரோ வந்த காலத்திலிருந்து அதில் கை வைத்தவர். அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், பெல்ட் எப்ப மாத்துனோம்?" அப்பா டைரியைப் புரட்டிப் பார்த்தார். 2014. மெக்கானிக் கவரைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். பெல்ட்டின் முதுகில் குறுக்கே மெல்லிய கீறல்கள். "தம்பி, இதுக்கு மேல ஒரு நாள் ஓட்டுனாலும் ரிஸ்க்தான்" என்றார்.

உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலை எனக்கு இருந்தது. பழைய சாண்ட்ரோவின் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த எஞ்சினின் குடும்பம் அதே கம்பெனியின் ஐ10 காரிலும் ஓடியதால் பெல்ட், டென்ஷனர், பிளக் எல்லாம் தஞ்சாவூரிலேயே ஒரிஜினலாகக் கிடைத்தன. கதவுக் கைப்பிடியும் ஒரு விளக்குக் கண்ணாடியும்தான் இங்கே இல்லை. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் வரவழைத்தார். பெல்ட் வேலை, லேபர் சேர்த்தே ஐயாயிரத்துக்குள் முடிந்தது.

பெட்ரோல் டியூபையும் மாற்றச் சொன்னேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கேற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். 2005 வண்டியின் ரப்பர் அதை நினைத்துச் செய்தது இல்லை. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வருடத்துக்கு ஒரு தடவை வந்து ஓட்டுகிறவர்கள் டேங்க்கை நிரப்பிவிட்டுப் பூட்டிப் போக வேண்டாம் என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே இங்கே சொல்கிறேன்.

டயர் கதையும் இதே மாதிரிதான். ரோட்டில் படுகிற பட்டன் தேயாமல் நன்றாக இருந்தது. ஆனால் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்க எண்ணைப் படித்தால், கடைசி இரண்டும் தயாரித்த வருடம், எட்டு வருடம் கடந்திருந்தது. நாலையும் மாற்றினோம். கடைக்காரர் பழைய டயரை மடக்கிக் காட்டியபோது ஓரமெல்லாம் வெடிப்பு.

ஆர்.டி.ஓ. வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. 2020-இல் புதுப்பித்த ஆர்.சி. அந்த டிசம்பரோடு முடிவதாக இருந்தது. பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டு அறிவிப்புப்படி இருபது வருடம் கடந்த காருக்கு 10,000. பசுமை வரி தனி. இன்சூரன்சும் புகைச் சான்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். இந்த வயது வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும். சேசிஸ் நம்பர் துருவில் மறைந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மெக்கானிக் முந்தின நாளே உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வைத்திருந்தார். இன்ஸ்பெக்டர் முதலில் பார்த்ததும் அதைத்தான். காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டோம்.

என்னைக் கேட்டால், இந்தக் கார் நம்பகமானதா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் காரில் இருக்கிறது, மீதிப் பாதி அந்தக் கொட்டகையில். அங்கே இப்போது அவர் தனியாகத்தான் வேலை பார்க்கிறார். கூட இருந்த பையன் சென்னைப் பக்கம் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பையனுக்கு மாதச் சம்பளமும் பி.எஃப்.-உம் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அவருக்குப் பிறகு வண்டியின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்ல யார் இருப்பார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. புது ஆட்டோமேட்டிக் வாங்கித் தருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். உயரமான சீட், ஏறி இறங்க முழங்கால் வலிக்காது, இது போதும் என்றார். அம்மாவும் அதையே சொன்னார். சரி என்று விட்டுவிட்டேன்.

பெல்ட், ஹோஸ், பேட்டரி, டயர் ஒவ்வொன்றும் மாற்றிய தேதியை ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டு பெட்டியில் வைத்தோம். அடுத்தது ரேடியேட்டர். அடியில் துரு இருக்கிறது, சித்திரை வெயிலுக்கு முன்னால் மாற்றிவிடலாம், வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுங்கள் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். பொங்கல் கழிந்ததும் வண்டியை அவரிடம் விடுவதாக அப்பா ஒத்துக்கொண்டார்.