மீசைக்கு 400, மற்றதுக்கெல்லாம் 1600

மதுரையில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் வேலை. காதுகுத்து, வசந்த விழா, தலைவர் பிறந்தநாள் என்று தினமும் பத்துப் பதினைந்து முகங்களை பென் டூலால், அதாவது ஓரம் முழுக்கப் புள்ளி புள்ளியாக வைத்து, வெட்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் தாய்மாமனுக்குக் காது பாதியாகிவிடும். சீர் செய்தவருக்கு அப்புறம் யார் பதில் சொல்வது?

பழைய மவுஸில் பெயர்கூட அழிந்துபோயிருந்தது. விண்டோஸில் பாயிண்டர் ஸ்பீடைக் கடைசிவரை வலப்பக்கம் தள்ளி வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகமாகத்தான் போகும். ஆனால் முடி ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கப் போனால் மூன்று நான்கு பிக்சல் தாண்டித்தான் உட்காரும். கை நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்றே நினைத்தேன்.

லாஜிடெக் ஜி102 மவுஸ் வாங்கி நான்கு மாதம் ஆகிறது. 8000 டிபிஐ வரை போகும். டிபிஐ என்றால், மவுஸை ஒரு இஞ்ச் நகர்த்தினால் அம்புக்குறி எத்தனை பிக்சல் போகும் என்கிற கணக்கு. ஒரு தடவை ஏற்றிப் பார்த்தேன். விரல் அசைந்ததுமே அம்புக்குறி மூலையில் போய் ஒளிந்துகொண்டது. நமக்கு அது வேண்டாம்.

என் திரை 1920 பிக்சல் அகலம். 800 டிபிஐயில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக மவுஸை 2.4 இஞ்ச் நகர்த்த வேண்டும், 1600-இல் 1.2 இஞ்ச். இந்தக் கணக்கு சரியாக வர, ஸ்பீடை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து, ‘என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன்’ டிக்கையும் எடுத்துவிட வேண்டும். பெயரைப் பார்த்து அது துல்லியத்துக்கு என்று நம்பியிருந்தேன். அதுவோ கை போகும் வேகத்தைப் பார்த்து அம்புக்குறி போகும் தூரத்தைக் கூட்டிக் குறைக்கிறது! எடுத்த பிறகு இரண்டு நாள் குறி தவறிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் பழகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டைவிரல் பட்டன். ஜி ஹப் மென்பொருளில் அதற்கு டிபிஐ ஷிஃப்ட் கொடுத்து 400 வைத்திருக்கிறேன். சாதாரண வேலைக்கு 1600. மீசை, ஜிமிக்கி, மல்லிகைச் சரம் வந்தால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அம்புக்குறி மாட்டுவண்டி மாதிரி ஊரும். விட்டால் பழைய வேகம். இதை மவுஸுக்குள்ளேயே சேமிக்கலாம் என்பதால் பக்கத்துக் கணினியில் செருகினாலும் கூடவே வருகிறது.

வயர் மவுஸ், எடை 85 கிராம். திருவிழா சீரியல் லைட் மாதிரி கலர் மாறும் விளக்கை முதல் நாளே அணைத்துவிட்டேன். இடதுகைக்காரர்கள் யோசித்து வாங்குங்கள், பக்கவாட்டு பட்டன் இரண்டும் இடப்பக்கம்தான்.

நேற்று ஒரு காதுகுத்து பேனர். ஏழு மாமன்கள், பதினான்கு காது, எல்லாம் முழுசு.