பிராட்பேண்ட் இணைப்பு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: புகாரை முடித்துவைக்கும் ஓடிபி

உங்கள் பிராட்பேண்ட் நிறுவனத்தின் ஆள் அழைத்து, "புகாரைப் பதிவு செய்ய ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்று கேட்டால் சொல்லிவிடாதீர்கள். கோளாறு சரியாகிவிட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் புகாரை முடிப்பதற்கான எண்ணாக அது இருக்கலாம். அடிக்கடி விட்டுப்போகும் எங்கள் இணைப்பு மாமனார் பெயரில் இருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த குறுஞ்செய்தியை அவர் படித்துப் பார்ப்பதற்குள், "சீக்கிரம் சொல்லுங்கள் அய்யா, நேரம் முடிந்துவிடும்" என்று அவசரப்படுத்தி எண்ணை வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு யாரும் வரவில்லை. கம்பத்தில் யாரும் ஏறவில்லை. செயலியில் மட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று வந்துவிட்டது. அடுத்த புகாருக்கும் இதையே செய்தார்கள்.

இணைப்பு கொடுக்க வந்தபோது பேச்சு தேனாக இருந்தது. நூறு எம்பிபிஎஸ் வேகம், ஆறு மாதச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றார்கள். கைப்பேசியில் ஒரு வீடியோவை ஓட்டி, "பாருங்கள், தடங்கலே இல்லை" என்று காட்டினார்கள். வீடியோ ஓடுவதை வைத்து இணைப்பை எடை போடக் கூடாது என்பதை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். வீடியோ சில நொடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் இணைப்பு இரண்டு மூன்று நொடி செத்துப் பிழைத்தாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. அரசு இணையதளத்தில் அப்படி இல்லை. ஓடிபிக்கு நேரக் கெடு உண்டு, உள்நுழைவுக்கும் கெடு உண்டு. சான்றிதழ் நகல் பாதி ஏறும்போது இணைப்பு விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அந்தச் சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். விண்ணப்பம் முழுக்க இணைய வழிதான். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அது மேலே போக நாளாகும் என்பதால் ஒவ்வொரு நாளும் எங்களுக்கு முக்கியமாக இருந்தது. எல்லா விவரமும் நிரப்பி, மாற்றுச் சான்றிதழை ஏற்றி, கட்டணம் செலுத்தும் பக்கம் வரை போனோம். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிற்று. ஒப்புகைச் சீட்டு வரவில்லை. மோடத்தில், ஃபைபரில் சிக்னல் வரவில்லை என்று காட்டும் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி முயன்றோம், மறுபடி பணம் போயிற்று. பிறகுதான் விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐ வழியாகக் கணக்கில் கழிந்த பணம் வணிகரிடம் உறுதியாகவில்லை என்றால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எங்கள் பணம் திரும்பி வந்துவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கூகுளில் கிடைக்கும் ஏதோ ஓர் உதவி எண்ணை அழைத்து மோசம் போகிறவர்கள் நிறைய. வங்கியின் செயலியிலேயே புகார் கொடுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

விண்ணப்பத்தைக் கடைசியில் இ-சேவை மையத்தில்தான் முடித்தோம். மகள் காலையிலிருந்து வரிசையில் நின்றாள். சான்றிதழ் கெடுவுக்குள் வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் அந்தச் சலுகைக்கு யார் பொறுப்பு? நிறுவனத்தைக் கேட்டால், "இணைப்பு அவ்வப்போது விட்டுப்போவது சகஜம்தான், படம் பார்க்க முடிகிறதல்லவா" என்கிறார்கள். இந்தப் பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, ஓய்வூதியருக்கான வாழ்நாள் சான்று எல்லாவற்றையும் இந்த வழியாகத்தான் கேட்டு வாங்குகிறோம். முகச் சரிபார்ப்பு செய்ய முடியாத அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எங்கள் இணைப்பு நிறுவனத்துக்கோ அது இன்னும் பொழுதுபோக்குதான்.

பக்கத்துத் தெருவுக்கு வந்த வேறொரு லைன்மேனைக் கெஞ்சி அழைத்தோம். ஒளியின் வலிமையை அளக்கும் கையளவு மீட்டரை எங்கள் ஃபைபரில் செருகிக் காட்டினார்: மைனஸ் 30 டிபிஎம். மைனஸ் எண் கூடக் கூட ஒளி பலவீனம், வீட்டு மோடம்கள் சாதாரணமாக மைனஸ் 27 வரைதான் தாங்கும் என்றார். கம்பத்தில் இருந்த இணைப்புப் பெட்டி மூடியில்லாமல் மழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அரை மணி நேர வேலை. புகார்களை ஓடிபி வாங்கி முடிக்கச் செலவிட்ட நேரத்தில் அதை எப்போதோ செய்திருக்கலாம்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், உள்ளூர் முகவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012 விதிகளின்படி, அங்கே தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆணையம் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிக்காது என்பதால் முதலில் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சிவப்பு விளக்கையும் வேகச் சோதனையையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். 2023 முதல் 2 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகமாவது இருந்தால்தான் அது பிராட்பேண்ட் என்பது மத்திய அரசின் வரையறை.

பொய்யாக முடிக்கப்பட்ட புகார்களின் எண்களோடு மேல்முறையீடு செய்திருக்கிறோம், சந்தாவின் மீதியையும் கேட்டிருக்கிறோம். ஆறு மாதப் பணத்தை மொத்தமாகக் கேட்பவர்களிடம், ஒரு மாதம் மட்டும் கட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்களிடம் இணைப்பு வாங்காதீர்கள்.